சுற்றாத சக்கரங்கள்

அத்தியாயம் 6

ஓடைக்கரையில் இறங்கிய பத்தாவது அடியில் ஆசிமின் இடது செருப்பைக் கரிசல் பிடுங்கிக்கொண்டது.

"அக்கா, மண்ணு என் செருப்பக் கைது பண்ணிட்டு. ஜாமீன் எடுக்கவா, இல்ல அடுத்ததையும் சரண்டர் பண்ணிரவா?"

"ரெண்டையும் கழத்தி எறிஞ்சுட்டு வாலே" என்றாள் அமுதவள்ளி, திரும்பாமலே. அவள் ஏற்கெனவே வெறுங்காலோடு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் போல நடந்துகொண்டிருந்தாள்.

ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவள். நசுங்கிய வண்டியைப் பார்த்தே ஓட்டியவன் சொல்வது பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவாள். அந்த வேலையை விட்டுவிட்டு, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருஷம் ஆகிறது. டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்த ஆசிம் அன்றிலிருந்தே அவளோடு இருக்கிறான். அவன் ஓட்டும் எந்த வண்டியிலும் பிரேக் பிடிக்கும். வாயில்தான் பிடிக்காது.

இன்றைக்கு அந்த வாய் வழக்கத்தைவிட அதிகமாக ஓடியது. பயந்தால் அவனுக்கு அப்படித்தான். காணாமல் போன தஸ்லிமா அவன் தெருக்காரி.

மூன்று நாள் மழை காலை ஆறு மணிக்குத்தான் விட்டிருந்தது. பசுவந்தனைக்கு மேற்கே, சாதாரண நாளில் ஆடு தாண்டிப் போகும் அந்த ஓடை, இப்போது செம்பழுப்பாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. இக்கரைச் சரிவில், மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றது ஒரு ஜீப். நாலு சக்கர இழுவை உள்ள வண்டி. காற்றாலைக் கம்பெனிக்குச் சொந்தமானது. டிரைவர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. அதை ஓட்டி வந்த என்ஜினீயர் தஸ்லிமாவை நேற்று மாலையிலிருந்து காணவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி பன்னிரண்டு தீயணைப்பு வீரர்கள் மூங்கில் கழியால் அடியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குத்துக்கும் கரையில் உட்கார்ந்திருந்த குலாம் ரசூலின் தோள் துடித்தது. தஸ்லிமாவின் தகப்பனார். கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். காலை ஏழு மணிக்கு அமுதவள்ளிக்குப் போன் செய்தவர் அவர்தான்.

அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார் சௌந்தரபாண்டியன். கம்பெனியின் செக்யூரிட்டி சூப்பர்வைசர். நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் அமுதவள்ளி. "எத்தன மணிக்கு?"

"மூணரை இருக்கும்மா. நான் பைக்க நிறுத்திட்டு இங்கன நிக்கேன். பிள்ள வேகமா வருது. அக்கரையில காத்தாடி பாக்கப் போவணும்னு அவசரம். வேண்டாம்மா, வெள்ளம் வருதுன்னு கத்துனேன். கேக்கல. நாலு சக்கரமும் சேத்த வாரி அடிக்க, வண்டி தண்ணிக்குள்ள பாஞ்சுட்டு. கதவு தொறந்துது. அவ்வளவுதான்." அவர் குலாம் ரசூலின் கையை இன்னும் இறுக்கினார். "பாய், நான் நீச்சல் தெரியாதவன். இல்லன்னா குதிச்சிருப்பேன்."

குலாம் ரசூல் தலையை மட்டும் ஆட்டினார். "நீங்க என்ன செய்வீங்க. விடிஞ்சதுல இருந்து கூடவே இருக்கீங்களே, அது போதும்."

அமுதவள்ளி அதற்குள் ஜீப்பிடம் போய்விட்டாள். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரையில் நின்ற பின் சக்கரத்தை ஒரு ஊக்கால் நோண்டினாள். மறுபக்கம் போய் அங்கேயும் நோண்டினாள். தண்ணீரில் இறங்கி, மூழ்கிக் கிடந்த முன் சக்கரத்தின் நடுவில் கையை விட்டுத் துழாவினாள். உள்ளே எட்டிக் கியரை ஆட்டினாள். பக்கத்திலிருந்த, நாலு சக்கர இழுவையை மாற்றும் குட்டைக் கம்பியையும் ஆட்டினாள். பானெட் ஓரமாகக் கூரை வரைக்கும் நிமிர்ந்து நின்ற கறுப்புக் குழாயைத் தட்டினாள்.

"அக்கா, மாட்டுச் சந்தையில பல்லு புடிச்சுப் பாக்க மாதிரி இருக்கு."

"இந்தக் குழாய் எதுக்குலே?"

"என்ஜின் மூச்சு விட. தண்ணி பானெட் வரைக்கும் வந்தாலும் மேல உள்ள காத்த இழுத்துக்கிடும். தஸ்லிமாதான் சொன்னா. போன மழையில நான் இதே வண்டிய எங்க தெருமுனைப் பள்ளத்துல எறக்கிட்டு முழிச்சேன். பத்து வருஷம் வண்டி சொல்லிக்கொடுத்த ஆளு, இது தெரியாதான்னு சிரிச்சா." சிரிப்பு என்ற வார்த்தை வந்ததும் அவன் நிறுத்திக்கொண்டான்.

"அப்ப என்ஜின் நனஞ்சிருக்காது."

"ஸ்டார்ட் ஆவும். ஆனா ஸ்டார்ட் பண்ணி எங்க போவ?"

அமுதவள்ளி அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசிப்பயறும் உளுந்தும் மூழ்கிய கறுத்த காட்டுக்கு அப்பால் காற்றாலைகள் வரிசையாக நின்றன. தாழ்வு மண்டலக் காற்றில் எல்லாம் அவசர அவசரமாகச் சுற்றின.

"ஏழாவது மட்டும் நிக்குது பாருங்க" என்றான் ஆசிம், ஏதாவது பேச வேண்டுமே என்று. "மழைன்னு லீவு எழுதிக் குடுத்துட்டு போல."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வேலிக்காத்தான் புதர் வரை போனாள். இரண்டு நிமிஷம் பேசினாள். திரும்பி வரும்போது நடை இன்னும் வேகமாகியிருந்தது.

"ஜீப்ப எடுக்கப் போறோம். பின்னால இல்ல. முன்னால. அக்கரைக்கு."

"அக்கா, நடுவுல ஒரு ஓடை இருக்கு, கவனிச்சீங்களா?"

"சுத்து வழி முங்கிக் கெடக்கு. இங்க வெள்ளம் குறையுது, இடுப்புக்குத்தான் இருக்கு. கிழக்க பாரு, அடுத்த மழை வருது. இன்னும் ஒரு மணி நேரத்துல இது நெஞ்சுக்கு ஏறிரும்." அவள் சௌந்தரபாண்டியனிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, இந்த வளைவுல எது அடிச்சிட்டு வந்தாலும் அக்கரையிலதான் ஒதுங்கும். நாங்க அங்கன தேடப் போறோம். காட்டுப் பாதை உங்களுக்குத்தான் தெரியும். கூட வாங்க."

சௌந்தரபாண்டியன் உதட்டை நனைத்துக்கொண்டார். "அங்க வண்டி போவாதும்மா. கரிசல் முழுங்கிரும்."

"நானும் வாரேன்" என்று எழுந்தார் குலாம் ரசூல். அவர் எழுந்த வேகத்தில், சௌந்தரபாண்டியனின் கையும் சேர்ந்து எழுந்தது. பன்னிரண்டு பேர் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

ஜீப்பின் முன் பம்பரில் ஒரு வின்ச் இருந்தது. உருளையில் சுற்றிய எஃகுக் கம்பி, நுனியில் கொக்கி. ஒரு தீயணைப்பு வீரர் கொக்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய், அங்கிருந்த பனைமரத்தில் பட்டை வாரைச் சுற்றி அதில் மாட்டினார். ஆசிம் தண்ணீருக்குள் உட்கார்ந்து, இரண்டு முன் சக்கரங்களின் நடுவிலும் இருந்த குமிழைத் திருகினான். தடவிப் பார்த்தே 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டான். இனி என்ஜினின் பலம் நாலு சக்கரத்துக்கும் போகும்.

"கம்பி மேல ஒரு ஈரச் சாக்கப் போடுங்க. அறுந்துச்சுன்னா சவுக்கு மாதிரி வந்து என் வாயக் கிழிச்சிரும். எனக்கிருக்க ஒரே சொத்து அதுதான்."

சாவியைத் திருப்பினான். என்ஜின் இருமியது. இரண்டாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. குட்டைக் கம்பியைக் கடைசிப் பள்ளத்தில் தள்ளினான். வண்டியின் குரலே மாறியது. வேகமில்லாத, ஆழமான உறுமல். வின்ச் கம்பி விறைத்தது. தண்ணீர் கதவு இடுக்கில் புகுந்து பாதத்தை நனைத்தது. ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தது, மிதக்கப் பார்த்தது, பிறகு கம்பி இழுக்க, சக்கரம் தரையைக் கவ்வ, எருமை குளத்திலிருந்து ஏறுவது போல அக்கரையில் ஏறியது.



கொக்கியை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்கள். முன்னால் ஆசிமும் அமுதவள்ளியும். பின்னால் எதிரும் புதிருமான பெஞ்சில் குலாம் ரசூலும் சௌந்தரபாண்டியனும். பாதை என்று எதுவும் இல்லை, கறுப்புக் களி. போன வருஷ வெள்ளம் இங்கே கம்பெனி போட்டிருந்த சரளையை அடித்துக்கொண்டு போயிருந்தது. ஒரு கிலோமீட்டர் தாண்டித்தான் சரளைப் பாதை ஆரம்பம்.

"மெதுவா, ஒரே சீரா போ. நிறுத்தாத" என்றாள் அமுதவள்ளி.

"நிறுத்துனா நாம இங்கன ஓட்டர் ஐடி வாங்க வேண்டியதுதான்."

ஒரு வேப்பமரத்தருகே தடம் பிரிந்தது.

"இடது பக்கம் போங்க" என்றார் சௌந்தரபாண்டியன். "வலது பக்கம் புதைகுழி."

"வலது பக்கம் போலே" என்றாள் அமுதவள்ளி.

ஆசிம் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. வலது பக்கம் திருப்பினான். நாலு சக்கரமும் களியைப் பிய்த்து வீச, வண்டி முனகிக்கொண்டே போனது. புதையவில்லை.

அடுத்த பிரிவு ஒரு கிணற்றோரம்.

"இனிமே நேரா போவாதீங்க! ஓடைப் பக்கமா எறக்குங்க. நேரா போனா யானை போனாலும் திரும்பாது!" சௌந்தரபாண்டியனின் குரல் உயர்ந்திருந்தது.

"நேரா" என்றாள் அமுதவள்ளி. "அண்ணாச்சி வேண்டாம்னு சொல்லுத பக்கமெல்லாம் போ. இவர மாதிரி வழிகாட்டி கெடைக்க மாட்டாரு."

குலாம் ரசூல் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அமுதவள்ளி திரும்பவில்லை. கண்ணாடியில் சௌந்தரபாண்டியனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாலு சக்கரமும் சேத்த வாரி அடிச்சுதுன்னு சொன்னீங்க. முன் சக்கரக் குமிழ் ரெண்டும் ஃப்ரீயில இருந்துது. அப்படி இருந்தா முன் சக்கரம் சும்மா உருளும். சேத்த வாரி அடிக்காது."

"பதட்டத்துல... ரெண்டோ நாலோ, யாரு எண்ணுனா?"

"சரி, பின்னால உள்ள ரெண்டுன்னே வைப்போம். சுத்துன சக்கரம் மண்ண வீசும். டயரோட பள்ளக் காடியெல்லாம் தெரியும். இந்த வண்டியோட பின் சக்கரத்துல காடியே தெரியல. மண்ணு அப்பி, தோசக்கல்லு மாதிரி வழவழன்னு இருந்துது. அது என்ஜின் இழுத்துச் சுத்தவே இல்ல. உருண்டிருக்கு. கியரும் நியூட்ரல்ல கெடக்கு. யாரும் இத ஓட்டிட்டு வரல அண்ணாச்சி. வெள்ளம் ஏறுமுன்ன டிராக்டர்ல கட்டி, ஓடையத் தாண்டி இழுத்துட்டுப் போய் அந்தக் கரையில தள்ளியிருக்காவ."

"யம்மா, நீங்க என்ன—"

"இன்னும் முடியல. வரிசையில ஏழாவது காத்தாடி மட்டும் நிக்குது. கம்பெனி கணக்குல அது இருவத்தேழாம் நம்பர். கண்ட்ரோல் ரூம்ல கேட்டேன். நேத்து சாயங்காலம் நாலு இருவத்துமூணுக்கு நின்னுருக்கு. கோபுரத்துக்குள்ள இருக்க அவசர பட்டன யாரோ அமுக்கியிருக்காவ. நீங்க அவியகிட்ட, அது ஈரத்துல வந்த ஃபால்ட், மழை விட்டதும் பாக்கேன்னு சொல்லியிருக்கீங்க. அந்தப் பட்டன மழை அமுக்காது, காத்து அமுக்காது. ஒரு கை அமுக்கணும். மூணரை மணிக்கு ஓடையோட போன பிள்ளைக்கு நாலு இருவத்துமூணுக்கு ஏது கை?"

லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆசிம் கேலி செய்த காற்றாடிக்குள் தஸ்லிமா இருந்திருக்கிறாள்.

கண்ணாடியில் அவன் பார்த்தான். குலாம் ரசூலின் கை இன்னும் சௌந்தரபாண்டியனின் கைக்குள்தான் இருந்தது. பெரியவர் அதை மெதுவாக உருவினார். உருவிய கையைத் தன் வேட்டியில் துடைத்தார்.

சௌந்தரபாண்டியன் பின்பக்கமாகக் குதித்தார்.

குதித்தவர் ஓட நினைத்தார். வலது கால் முழங்கால் வரை போனது. அதை இழுக்க இடது காலை ஊன்றினார். அதுவும் போனது. பூட்ஸுக்குள் மண் இறங்க, அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நட்டுவைத்த சோளக்கொல்லைப் பொம்மை போல நின்றார்.

"நிறுத்தவா அக்கா?"

"நிறுத்தாத. அவர் எங்கயும் போவ மாட்டாரு. ஓட்டு."

சரளைப் பாதை வந்தது. சக்கரம் கடினத் தரையில் ஏறியதும் ஆசிம் மிதித்தான். முதல் துளிகள் கண்ணாடியில் விழுந்தன. இருபத்தேழாம் நம்பர் கோபுரம் வெள்ளையாக, தடிமனாக, எந்தச் சத்தமும் இல்லாமல் நின்றது. அடியில் இரும்புக் கதவு. வெளியே ஒரு பூட்டு.

குலாம் ரசூல்தான் முதலில் ஓடினார். பூட்டைக் கையில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என் கடைப் பூட்டு" என்றார்.

"என்ன மாமா சொல்லுதீங்க?" என்றான் ஆசிம்.

"போன வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு முந்தி சௌந்தரபாண்டியன் வந்தாரு. பலமானதா குடுங்க பாய்னு கேட்டாரு. நானே எடுத்துக் குடுத்தேன். ஏழு லிவர். சுத்தியல் வச்சு அடிச்சாலும் ஒடையாது, நான் பொறுப்புன்னு சொன்னேன்." அவர் பூட்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். "தஸ்லி... தஸ்லிம்மா..."

உள்ளே சத்தமில்லை.

ஆசிமின் வாய் முதல் தடவையாக ஓய்ந்திருந்தது. வண்டியை நேராக நிறுத்தி, வின்ச் கம்பியை இழுத்து வந்து, பூட்டு தொங்கிய வளையத்தில் கொக்கியை மாட்டினான். பெரியவரைத் தோளைப் பிடித்து நகர்த்தினான். வின்ச் பொத்தானை அமுக்கினான். கம்பி விறைத்தது. ஜீப் ஓரடி முன்னால் இழுபட்டது. ஹேண்ட்பிரேக்கை ஏற்றிப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, மறுபடியும் அமுக்கினான். பூட்டு அசையவில்லை. அது மாட்டியிருந்த இரும்புப் பட்டைதான் வளைந்தது, கிறீச்சிட்டது, நாலு போல்ட்டோடு கதவைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வந்தது.

ஆசிம் கதவை இழுத்தான். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய ஸ்பானர் அவன் தலையை நோக்கி வந்தது. குனிந்தான். அது கதவு நிலையில் மோதித் தெறித்தது.

"ஏட்டி! நான் ஆசிம்!"

தஸ்லிமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெடித்திருந்தது. கன்னத்தில் காயம். பதினெட்டு மணி நேர இருட்டுக்குப் பிறகு வெளிச்சம் அவள் கண்ணைத் திறக்க விடவில்லை.

"ஜீப் சத்தம் கேட்டுது" என்றாள் கரகரத்த குரலில். "அந்த ஆளுதான் யாரையாவது வச்சு எடுத்துட்டு வந்துட்டான்னு நெனச்சேன்."

குலாம் ரசூல் அவள் கையிலிருந்த ஸ்பானரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். பிறகு அவள் தலையைத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். "அத்தா" என்றாள் அவள். அமுதவள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு மழையைப் பார்த்தாள்.

தண்ணீர் குடித்த பிறகு தஸ்லிமா நடந்ததைச் சொன்னாள். எல்லாக் காற்றாலைக்கும் இடி தாங்கத் தரைக்குள் செம்புக் கம்பி போட்டிருப்பார்கள். ஒன்பது காற்றாலைகளில் அது இல்லை. இருபத்தேழில் சௌந்தரபாண்டியனும் இரண்டு பேரும் உருவிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்துவிட்டாள். போட்டோ எடுத்தாள். போனைப் பிடுங்கி, அறைந்து, உள்ளே தள்ளிப் பூட்டினார்கள்.

"சுத்து வழியில, சரளையிலயே வந்ததால குமிழ ஃப்ரீயில போட்டுருந்தேன். அந்த ஆளு வண்டிய எடுத்துட்டுப் போறது கேட்டுது. கரிசல்ல எறங்கினதும் என்ஜின் கத்துச்சு, கத்துச்சு, நின்னுபோச்சு. அப்புறம் டிராக்டர் சத்தம். அப்பத்தான் பட்டன அமுக்குனேன். கண்ட்ரோல் ரூம்ல யாராவது ஏன்னு கேப்பாங்கன்னு. யாருமே கேக்கலையே அக்கா?"

"கேட்டாங்க" என்றாள் அமுதவள்ளி. "கேட்ட எடந்தான் தப்பு. வா, போவோம். மழை பிடிச்சிட்டு."

தஸ்லிமா ஜீப்பைச் சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் ஏறினாள். ஆசிம் பக்கத்து சீட்டுக்குப் போனான். அவள் குட்டைக் கம்பியைக் கடைசிப் பள்ளத்தில் தள்ளினாள்.

கிணற்றோரம் சௌந்தரபாண்டியன் தொடை வரை இறங்கி, மழையில் நனைந்து நின்றார். வண்டியைப் பார்த்ததும் கையைக் கூப்பினார். தஸ்லிமா வேகத்தைக் குறைத்தாள்.

"யம்மா, நான் கொல்லணும்னு நெனைக்கலம்மா! மழை விட்டதும், நாளைக்கு நானே வந்து தொறந்து விட்டுருப்பேன்!"

"நாளைக்கா?" என்றாள் தஸ்லிமா.

அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஆசிமிடம் கேட்டாள்.

"என்னைத் தேடி எத்தன பேரு தண்ணியில நிக்காவ?"

"பன்னெண்டு பேரு."

"இன்னுமா? இந்த மழையிலயா?" அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். "இந்த ஆள அப்புறம் தூக்கிக்கலாம். இவருக்கு ஒண்ணும் ஆவாது. வெள்ளம் ஏறுது, அவியள மொதல்ல மேல ஏத்தணும்."

ஓடை தெரியும் முன்பே ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. மழைத் திரைக்குள் கயிறும் அதைப் பிடித்த தலைகளும் தெரிந்தன. தண்ணீர் அவர்கள் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. ஆனாலும் கழிகள் அடியைக் குத்திக்கொண்டுதான் இருந்தன.

வண்டியைக் கரையில் நிறுத்தி இறங்கினாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"அண்ணே! நான் இங்கன இருக்கேன்! மேல வாங்க! எல்லாரும் மேல வாங்க!"

கழிகள் நின்றன. கயிற்றின் முதல் ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பக்கத்து ஆளின் தோளைத் தட்டினார். ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். நடுவில் நின்ற ஒரு வயதானவர், விடிந்ததிலிருந்து ஒரு நிமிஷம்கூடக் கரையேறாதவர், கழியைத் தண்ணீரோடு போகவிட்டார். பிறகு கயிற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.